ஓட்டுக் கூடம் நின்றது, கான்கிரீட் அறை போனது: எங்கள் கிளை நூலகத்தைச் சீர்செய்த விவரம்

கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்கும் குளச்சலுக்கும் நடுவே ஒரு சாலையோரத்தில் எங்கள் ஊர்க் கிளை நூலகம் இருக்கிறது. முன்னால் ஓடு போட்ட பழைய கூடம். திருவிதாங்கூர் ஆட்சியின் கடைசி வருடங்களில் ஊர்க்காரர்கள் வாசகசாலையாகக் கட்டியது. அதை ஒட்டிப் பின்னால் ஒரு கான்கிரீட் அறை, தொண்ணூறுகளில் வந்தது. இரண்டும் ஒழுகின. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்ற பேச்சு எழுந்தபோது எல்லாரும் கைகாட்டியது ஓட்டுக் கூடத்தைத்தான். இத்தனை வருடத்துக் கட்டடம் இனி என்ன தாங்கும் என்றார்கள். தட்டிப் பார்த்து, குத்திப் பார்த்து, மழைக்குள் நின்று பார்த்த பிறகு முடிவு வேறாக இருந்தது. கூடத்தைச் சீர்செய்து வைத்துக்கொண்டோம். கான்கிரீட் அறையை இடித்து அந்த இடத்தில் புதுக்கட்டடம் எழும்பியது.

நான் கட்டட வேலை மேற்பார்வை பார்க்கிறவன், இந்த நூலகத்தின் வாசகர் வட்டத்தில் உறுப்பினன். இதே நிலையில் நிற்கும் பிற ஊர் நூலகங்களுக்கு உதவும் என்பதால் வேலையை நடந்தபடி எழுதிவைக்கிறேன். பழைய கட்டடம் என்றாலே இடிக்க வேண்டியது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. இந்த மாவட்டத்தின் மழைக்கு அந்தப் பழைய கட்டடம்தான் ஏற்றது என்பதை வேலைக்கு நடுவே கண்ணால் பார்த்தேன்.

வாசகசாலையின் பின்கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் புத்தகங்களைப் பிரிக்கும்போது அது குறுக்கே வந்தது. 1945இல் கேரள நூலக இயக்கத்தின் முன்னோடியான பி. என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 நூலகங்களை ஒன்றுசேர்த்துத் திருவிதாங்கூர் நூலகச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சூட்டில் பிறந்தது எங்கள் வாசகசாலை. 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு, அது பொது நூலகத் துறையின் கிளை நூலகமாக ஆயிற்று. அதனால் எங்கள் அலமாரிகளில் பழைய தமிழ் நூல்களோடு பழைய மலையாள நூல்களும் கலந்து கிடந்தன.

பணம் எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்கிறார்கள். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று தனியாக ஒரு வரி இருக்கும். சொத்து வரியில் நூற்றுக்குப் பத்து. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் கீழ் வசூலாகும் பணம் அது. உள்ளாட்சி அமைப்பு வாங்கி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். ஆகவே நூலகத்தைச் சீர்செய்யச் சொல்லிக் கேட்பது தயவு கேட்பதாகாது. நாம் கட்டிய பணத்துக்குக் கணக்குக் கேட்பதுதான். பின்கட்டடம் ஆணைக்குழு நிதியில் வந்தது. முன்கூடத்துக்கு நமக்கு நாமே திட்டத்தில் போனோம். ஊர் மூன்றில் ஒரு பங்கைத் திரட்டினால் மீதியை அரசு போடும். ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலரானவர்கள் ஏற்கெனவே பலர் இருந்தார்கள். அவர்கள் வீடுகளில் இருந்துதான் வசூலைத் தொடங்கினோம். மனுவோடு மழை நேரத்தில் எடுத்த படங்களையும் ஒரு பொறியாளர் கையெழுத்திட்ட மதிப்பீட்டையும் சேர்த்துக் கொடுங்கள். வெறும் மனு மேசையிலேயே கிடக்கும். ஒரு அலுவலகத்தில் எங்கள் முதல் மனு அப்படித்தான் வெகுகாலம் கிடந்தது.

மழைக்குள் பார்த்தது

ஓட்டுக் கூரையை வெயிலில் பார்த்துப் பயனில்லை. ஒழுகும் இடத்துக்கும் தண்ணீர் உள்ளே நுழையும் இடத்துக்கும் சம்பந்தமே இருக்காது. தண்ணீர் கழுக்கோல் (கூரையின் சாய்வு மரம்) வழியாக நாலைந்து அடி வழிந்து வந்து எங்கோ சொட்டும். அதனால் ஐப்பசி மழையில் டார்ச் லைட்டும் சாக்கட்டியுமாகப் பரண் மேல் ஏறி, ஈரம் தொடங்கும் இடத்தையெல்லாம் மரத்திலேயே குறித்துக்கொண்டோம். முக்கால்வாசிக் குறிகள் ஒரே இடத்தில் விழுந்தன: ஓட்டுக் கூரையும் கான்கிரீட் அறையும் சந்திக்கும் இடத்துத் தகரப் பாத்தி, அதாவது கூரைத் தண்ணீர் ஓடும் வாய்க்கால். சருகு அடைத்து, தகரம் துருத்து, தண்ணீர் நிரம்பி உள்பக்கமாக வழிந்துகொண்டிருந்தது. மிச்சக் குறிகள் இறவாணத்தை, அதாவது கூரையின் வெளி ஓரத்தை, ஒட்டி. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது அந்த வரிசை ஓடுகள் பறந்துபோய், கையில் கிடைத்ததை வைத்து மூடியிருந்தார்கள்.

மரத்தைப் பார்க்க ஊரில் மூத்த ஆசாரி பாட்டா ஒருவரை அழைத்து வந்தோம். ஏணியில் நின்றபடி ஒவ்வொரு கழுக்கோலையும் உளியின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போனார். நான் திருப்புளியால் குத்திப் பார்த்துக்கொண்டு பின்னால் போனேன். நல்ல மரத்தில் திருப்புளி முனை ஏறாது. உளுத்த மரத்தில் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். பாட்டா ஒரு இடத்தில் நின்று, "இது அயனியாக்கும் மக்ளே, ஒனக்க பேரன் வந்து படிக்கது வரைக்கும் கெடக்கும்" என்றார். பாத்திக்குக் கீழே வந்து சேரும் கழுக்கோல்களின் அடிமுனைகளும் ஒரு உத்தரத்தின் ஓரமும் மட்டும்தான் போயிருந்தன. மற்றதெல்லாம் கல்லுபோல் இருந்தது. ஓடு உட்காரும் ரீப்பர் சட்டங்கள் தென்னை. அவற்றில் பாதி வண்டு அரித்துப் பொடியாகக் கொட்டியது.

கான்கிரீட் அறைக்கு வந்தோம். கூரைத் தளத்தை அடியிலிருந்து சுத்தியலால் லேசாகத் தட்டினால் பல இடங்களில் பொள்ளென்ற சத்தம். நாலு இடத்தில் சிமென்ட் ஏற்கெனவே பெயர்ந்து கம்பி பல்லைக் காட்டியது. அளவெடுத்துப் பார்த்தால் கம்பிக்கு அடியில் அரை அங்குலம்கூடச் சிமென்ட் மூட்டம் இல்லை. கடலோரப் பகுதிக்கு, கான்கிரீட்டுக்கான இந்திய தர நிர்ணயம் 456 (IS 456) கேட்பது 45 மில்லிமீட்டர். உப்புக்காற்று நேரடியாகப் படாத மறைவான இடத்துக்குக்கூட 30. யார் கட்டினார்கள் என்று தோண்டுவதில் இனிப் பயனில்லை. ஆனால் அந்தக் குறையை ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முடியுமா என்று தெரிய வேண்டியிருந்தது.

அதற்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது, எந்த ஊரிலும் செய்யலாம். பக்கத்துப் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் இருந்து பினாப்தலீன் கரைசல் கொஞ்சம் வாங்கி, தெளிக்கும் குப்பியில் ஊற்றிக்கொண்டோம். தளத்தின் அடியில் ஓரிடத்தில் சிறு துண்டு உடைத்து, தூசியைத் துடைத்து, உடைந்த முகத்தில் தெளித்தோம். நல்ல கான்கிரீட்டில் காரத்தன்மை இருக்கும். அந்த இடம் சட்டென்று கத்தரிப்பூ நிறத்தில் சிவக்கும். அந்தக் காரம் இருக்கும்வரை உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்காது. காற்றில் உள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் உள்ளே ஏறி அந்தக் காரத்தைக் கொன்றுவிட்டால் நிறம் வராது. எங்கள் துண்டில் கம்பியைத் தாண்டியும் நிறமே வரவில்லை. இடம் மாற்றி மாற்றிப் பார்த்தோம், எங்கும் அப்படித்தான். நூலகர் அக்காவும் கூட நின்று பார்த்தார். "அப்போ எல்லாக் கம்பியும் துருப்பிடிச்சுக்கிட்டுதான் இருக்கா?" என்று கேட்டார். ஆமாம். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும்; அது சிமென்ட்டைத் தள்ளிக்கொண்டே போகும். மேலே பூசினால் அடுத்த மழைக்கு வேறிடத்தில் பெயரும். அந்தத் தளத்துக்குக் கீழேதான் பிள்ளைகள் உட்கார்ந்து படக்கதை படித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கே அந்த அறையைப் பூட்டச் சொன்னோம்.

புத்தகங்களை வெளியேற்றியது

கட்டட வேலையைவிட இது பெரிய வேலை. இதைச் சரியாகச் செய்யாமல் நூலகத்தைச் சீர்செய்தால் நல்ல கட்டடமும் குழம்பிய புத்தகக் குவியலும்தான் மிஞ்சும்.

பக்கத்து ஆலயத்தின் சமூகக்கூடத்தை இடம் மாறும் காலத்துக்குக் கேட்டு வாங்கினோம். ஒவ்வொரு அலமாரிக்கும் ஒரு எழுத்து, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு எண். ஒரு தட்டில் இருக்கும் புத்தகம் அப்படியே ஒரே கட்டாக, இடமிருந்து வலமாக அதே வரிசையில், பருத்தி நாடாவால் கட்டி, மேலே சீட்டு. சணல் கயிறு கூடாது. அட்டை ஓரத்தை அறுத்துவிடும். மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்று கைமாற்றிக் கொடுத்தார்கள். கட்டு அவிழ்க்கும்போது பதிவேட்டோடு சரிபார்த்தோம். அட்டை கிழிந்த எதையும் அங்கேயே தூக்கிப் போட்டுவிடக் கூடாது. நூலகப் புத்தகத்தைக் கழிப்பதற்குத் துறையில் முறை இருக்கிறது, அனுமதி வேண்டும். கழிக்கலாம் என்று நினைப்பதைத் தனியாக வைத்துப் பட்டியல் எழுதி நூலகர் வழியாக அனுப்பினோம்.

மலையாளப் புத்தகங்களைக் கழித்துவிடலாம், இப்போது யார் படிக்கிறார்கள் என்று ஒரு கருத்து வந்தது. நான் கடுமையாக எதிர்த்தேன். இந்த மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் இரண்டு மொழியும் வாசிக்கிற வீடுகள் இன்னும் உண்டு. அதைவிட, இந்த வாசகசாலை எந்தக் காலத்தில் யார் கையால் தொடங்கியது என்பதற்கு அந்தப் புத்தகங்களின் உள்ளட்டையில் இருக்கும் பழைய முத்திரைகளே ஆதாரம். அவற்றுக்குத் தனி அலமாரி கொடுத்தாயிற்று. இந்த மாவட்டத்து எழுத்தாளர்களின் நூல்களுக்கும் அதன் பக்கத்திலேயே ஒரு அலமாரி.

நனைந்த புத்தகங்கள். கான்கிரீட் அறை மூலையில் ஒரு தட்டு முழுக்க ஈரம். நனைந்த புத்தகத்தை மொட்டை வெயிலில் காயவைப்பதுதான் எல்லாரும் செய்வது. அட்டை முறுக்கிக்கொள்ளும், தாள் அலையலையாகும், மை வெளுக்கும். நிழலில், காற்றில்தான் உலர வேண்டும். புத்தகத்தை நிமிர்த்தி விசிறிபோல் விரித்து நிறுத்தி, இருபது முப்பது பக்கத்துக்கு ஒன்றாக அச்சடிக்காத வெள்ளைச் செய்தித்தாளை இடையில் செருகினோம். தாள் ஈரத்தைக் குடித்ததும் மாற்ற வேண்டும். மேசை விசிறியை நேராகப் புத்தகத்தின் மேல் திருப்பாமல் அறைக்குள் காற்று சுற்றும்படி வைத்தோம். முக்கால் உலர்ந்ததும் பலகைக்கு இடையில் வைத்துக் கல்லை ஏற்றினோம். ஈரம் பட்டால் இரண்டு நாளைக்குள் பூசணம் தொடங்கிவிடும். அதற்குள் உலர்த்த முடியாத அளவுக்குப் புத்தகம் இருந்தால் பாலித்தீன் பையில் சுற்றி உறையும் பெட்டியில் வைத்துவிடுங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலர்த்தலாம். படம் போட்ட வழவழப்புத் தாள் புத்தகங்கள்தான் மோசம். ஒட்டிக்கொண்டு உலர்ந்துவிட்டால் ஒரே செங்கல். அவற்றை ஈரமாக இருக்கும்போதே பக்கம் பக்கமாகப் பிரித்து இடையில் தாள் வைக்க வேண்டும்.

பூசணம் பிடித்தவற்றை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், அது பூசணத்தைத் தாளுக்குள் தேய்த்துவிடும். முழுக்க உலர்ந்த பிறகு, வெளித் திண்ணையில், மூக்கையும் வாயையும் இறுக மூடும் முகக்கவசம் போட்டுக்கொண்டு மெல்லிய தூரிகையால் முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டிவிட வேண்டும். ஆஸ்துமா உள்ள யாரையும் இந்த வேலைக்கு விடக் கூடாது.

தைப்பு விட்ட புத்தகங்களுக்கு நாகர்கோவிலில் பைண்டிங் தொழிலில் வெகுகாலம் இருந்த ஒரு அண்ணாச்சி வந்து உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார். பசை கடையில் வாங்கியது இல்லை. மைதாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டி, கண்ணாடிபோல் ஆகும்போது மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) ஒரு சிட்டிகை பொடித்துப் போட்டு இறக்கினார். துத்தம் போட்டால் ராமபாணமும் (புத்தகம் அரிக்கும் வெள்ளிப் பூச்சி) கரப்பானும் முதுகை அரிக்காது. துத்தம் விஷம் என்பதால் அந்தப் பாத்திரத்தைத் தனியாக வைத்து, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய தையலை அறுத்து, முதுகில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டி, நாலு துளை குத்தி, மெழுகு பூசிய நூலால் பிரிவு பிரிவாகத் தைத்து, முதுகில் காடாத் துணி ஒட்டி, மேலே அட்டையும் காலிகோவும். ஒட்டும் போது எலும்புத் துண்டு ஒன்றால் ஓரத்தை வழித்துவிட்டுக்கொண்டே இருந்தார். காற்றுக் குமிழி ஒன்றுகூட நிற்கக் கூடாது என்பார். செல்லோ டேப் ஒட்டிய பக்கங்களைப் பார்த்துத்தான் அவர் மனம் நொந்தார். டேப் உலர்ந்து உதிர்ந்துபோகும், அதன் பசை மட்டும் தாளுக்குள் இறங்கிப் பழுப்பாக நிற்கும், எடுக்கவே முடியாது. நூலகங்களில் செல்லோ டேப்பை அறவே விட்டுவிடுங்கள். கிழிந்த பக்கத்துக்கு மெல்லிய தாளும் இந்த மைதாப் பசையும் போதும்.

கூரை

பங்குனியில் ஓடு பிரித்தோம். தென்மேற்கு மழை வைகாசிக் கடைசியில் வந்துவிடும், ஐப்பசியில் அடுத்தது. இரண்டு மழையும் பெய்கிற ஊரில் கூரை வேலைக்குக் கிடைக்கும் இடைவெளி இவ்வளவுதான்.

எங்கள் ஓடு மங்களூர் ஓடு. 1865இல் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பினர் மங்களூரில் தொடங்கிய தொழில், பிறகு இந்தக் கரை முழுக்கப் பரவியது. இறக்கிய ஒவ்வொரு ஓட்டையும் விரல் முட்டியால் தட்டினோம். கணீரென்றால் நல்லது, மந்தமாகக் கேட்டால் விரிசல். பாசியைத் தேங்காய் நாரும் தண்ணீரும் வைத்துத் தேய்த்துக் கழுவினோம், ஆசிட் தொடவில்லை. உடைந்தவற்றுக்குப் பதிலாகப் பழைய வீடு இடித்த சாமான் விற்கும் இடங்களில் ஓடு தேடினோம். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒரு கம்பெனி ஓட்டின் பள்ளத்தில் இன்னொரு கம்பெனி ஓடு சரியாக உட்காராது. கலந்து போட்டால் அந்த இடத்திலேயே ஒழுகும். ஓட்டின் அடியில் இருக்கும் முத்திரையைப் பார்த்து அதே பெயர் ஓடாகவே வாங்கினோம். போதாத இடத்துக்கு ஒரு முழு வரிசையையும் வேறு முத்திரைக்கு மாற்றி, கலப்பு வராமல் பார்த்துக்கொண்டோம்.

உளுத்த கழுக்கோல் முனைகளைப் பாட்டா அளவெடுத்து அறுத்து, பழைய அயனிக் கட்டையிலேயே ஒட்டு வைத்துப் பொருத்தி ஆணி அடித்தார். ரீப்பர் முழுக்கப் புதிது. மரத்துக்குப் பூச முந்திரிக் கொட்டை ஓட்டு எண்ணெய் வாங்கினோம். முந்திரிக் கம்பெனிகள் இருக்கிற மாவட்டம் என்பதால் கிடைப்பதில் சிரமமில்லை. வண்டும் கரையானும் இதன் பக்கம் வராது. ஆனால் தோலில் பட்டால் வெந்துபோகும். கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் யாரையும் பூச விடவில்லை.

இறவாணத்தை முன்னைவிட ஒரு அடி நீட்டினோம். பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. போகிறவர்கள் அதன் கூரை எவ்வளவு தாழ்ந்து நீண்டு சுவரை மறைக்கிறது என்று ஒரு தடவை நின்று பார்க்க வேண்டும். சாரல் சுவரில் அடிக்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஓரத்து இரண்டு வரிசை ஓடுகளையும் துருப்பிடிக்காத கம்பியால் ரீப்பரோடு கட்டினோம். இன்னொரு ஒக்கி வராது என்று யாரும் சொல்ல முடியாது. வெளிச்சத்துக்குக் கண்ணாடி ஓடு போட்டது வாசிப்பு மேசைக்கு மேல் மட்டும். அலமாரிக்கு மேல் போட்டால் வெயில் விழுந்து புத்தக முதுகு வெளுத்துவிடும்.

சுவரும் தரையும்

சுவர் வெட்டுக்கல், பழைய சுண்ணாம்புக் கலவை. பிற்காலத்தில் யாரோ உறுதிக்காக என்று கீழ்ப்பாதிக்குச் சிமென்ட் பூசி, அதற்குமேல் பிளாஸ்டிக் பெயின்டும் அடித்திருந்தார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியே மூச்சுவிட வழியில்லாமல் உள்ளேயே மேலே ஏறி, நெஞ்சுயரத்தில் உப்பாகப் பூத்துப் பெயின்டை உரித்துக்கொண்டிருந்தது. சிமென்ட் பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்து, கோடை முழுக்கச் சுவரை அப்படியே திறந்துவைத்து உலரவிட்டோம். பிறகு நீற்றுச் சுண்ணாம்பும் மணலும் ஒன்றுக்கு மூன்று சேர்த்து, புளிக்கவைத்துப் பூசினோம். கொத்தனார் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. இது காய நாளாகும், கூலி கூடும் என்றார். அது உண்மைதான். ஆனால் அடுத்த மழையில் சுவரில் கைவைத்துப் பார்த்தபோது உலர்ந்து இருந்தது. அதற்குப் பிறகு தன் வேறு வேலைகளிலும் பழைய சுவருக்குச் சுண்ணாம்பே கேட்கிறார்.

ஈரத்துக்கு இன்னொரு காரணம் சாலை. ஒவ்வொரு தடவை தார் போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, நூலகத் தரை சாலையைவிடத் தாழ்ந்துபோனது. கூடத்தின் தரையை உயர்த்தினால் சன்னலும் கதவும் குள்ளமாகிவிடும். அதனால் சுவரைச் சுற்றி மண்ணை ஒரு அடி வெட்டி இறக்கி, ஜல்லி போட்டு, வடிகால் எடுத்தோம். கரையானுக்குத் தரையும் சுவரும் சேரும் மூலையில் ஒரு அடிக்கு ஒரு துளை வீதம் 12 மில்லிமீட்டர் துளை போட்டு, இமிடாகுளோப்ரிட் 30.5 சதவீதக் கரைசலை லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி கலந்து செலுத்தி அடைத்தோம். கிணறு பக்கத்தில் இருந்தால் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுக்கட்டடம்

பின்கட்டடத்தின் வரைபடத்தில் வாசகர் வட்டம் விட்டுக்கொடுக்காத விஷயங்கள் சில. முதலாவது, ஓட்டுக் கூரையோடு அது ஒட்டக் கூடாது. நடுவில் மூன்று அடி இடைவெளி, நடந்து போக மட்டும் தனிச் சிறு கூரை. பாத்தி என்ற சொல்லே இனி வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

அப்புறம் எடை. புத்தகம் எவ்வளவு கனம் என்பதை வரைபடம் போடுகிறவர்கள் பலமுறை மறந்துவிடுகிறார்கள். வீட்டுத் தளம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ தாங்கினால் போதும். புத்தக அடுக்கறைக்கு, கட்டடச் சுமைக்கான இந்திய தர நிர்ணயம் 875 (IS 875) குறைந்தது 600 கிலோ கேட்கிறது, அலமாரி உயரம் கூடினால் இன்னும் கூடும். முதலில் வந்த வரைபடத்தில் புத்தகங்கள் மாடியில், வீட்டுக்குப் போடும் அதே தளத்தின் மேல். அதை மாற்றச் சொன்னோம். இப்போது புத்தகங்கள் கீழே, சாலைக்கு மேல் மூன்று அடி உயர்த்திய தரையில். மாடி போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு. காலையில் கதவு திறக்கும் முன்பே வாசலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்கு மேசையும் மின்விசிறியும் பிளக் பாயிண்டும் அமைதியும் போதும். நாளிதழ் வாசிக்க வரும் பெரியவர்கள் காற்றோட்டமான ஓட்டுக் கூடத்தில். அங்கே நுழைவதற்குச் சாய்தளம், ஒரு அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். இடம் போதாது, செங்குத்தாகப் போட்டுவிடலாம் என்றார்கள். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஒரு தடவை ஏறிப் பார்க்கச் சொன்ன பிறகு நீளம் கிடைத்தது.

கம்பி மூட்டத்தை நானே அளவுகோலோடு நின்று பார்த்தேன். கம்பிக்கு அடியில் வைக்கும் சிமென்ட் வில்லைகள் வந்து சேரும்வரை கான்கிரீட் ஊற்ற விடவில்லை. ஒருநாள் வேலை நின்றது, ஒப்பந்தக்காரருக்குக் கோபம். அந்தக் கோபத்தைத் தாங்கிக்கொள்ளலாம். முப்பது வருடம் கழித்து அந்தத் தளத்துக்குக் கீழே உட்காரப்போகும் பிள்ளைகளை நினைத்தால் வேறு வழியில்லை.

குளிர்சாதனம் வைத்துத் தருகிறேன் என்று ஒரு நல்ல மனிதர் முன்வந்தார். நன்றி சொல்லி, அந்தப் பணத்தை அலமாரிகளுக்குக் கேட்டோம். நூலகம் திறந்திருக்கும்போது மட்டும் குளிரூட்டி, பூட்டியதும் நிறுத்தினால், குளிர்ந்த புத்தகத்தின் மேல் நம் ஊர் ஈரக்காற்று வேர்த்துப் படியும். இருபத்துநாலு மணி நேரமும் ஓட்ட வசதியில்லை என்றால் வைக்காமல் இருப்பதே நல்லது. ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூசணத்துக்குக் கொண்டாட்டம்; மழைக்காலத்தில் இங்கே அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். எங்கள் கண்ணாடிக் கதவு பீரோக்களில்தான் பூசணம் அதிகம் இருந்தது, திறந்த அலமாரிகளில் குறைவு. அதனால் புது அலமாரிகள் எல்லாம் திறந்தவை, முதுகுத் தகடு இல்லாதவை. சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி, அடித்தட்டு தரையிலிருந்து அரை அடி உயரத்தில். எதிரெதிர்ச் சன்னல்கள், மேலே காற்றுத் துளைகள், அவற்றுக்குக் கொசுவலை.

புத்தகங்கள் சீட்டு வரிசைப்படி தங்கள் தட்டுகளுக்குத் திரும்பிவிட்டன. பைண்டிங் செய்ய வேண்டியவை இன்னும் ஒரு மேசை நிறைய இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து செய்கிறோம், கை கொடுக்க நினைக்கிறவர்கள் வரலாம், பசை நாங்கள் காய்ச்சிவைப்போம். பெண்களுக்கான கழிப்பறை இன்னும் கட்டவில்லை. மாடியில் நாள் முழுக்கப் படிக்கிற பெண்பிள்ளைகள் பக்கத்து வீடுகளைக் கேட்டுப் போய் வருகிறார்கள், இது தொடரக் கூடாது. அதற்கான மதிப்பீட்டைத் தயாரித்து, படங்களோடு, இந்த மாதக் கூட்டத்தில் கையெழுத்து வாங்கி அனுப்புகிறோம்.